தம்பிக்கு, உன் ஜக்கெற் விசயமாக

தம்பி,

அப்பாவின் திவசம் முடிந்தது. யார் வந்தார்கள், என்ன படைத்தோம் என்று சின்னம்மா படத்தோடு அனுப்பியிருப்பா. நான் எழுதுவது நீ தைக்கச் சொன்ன தோல் ஜக்கெற்றைப் பற்றி. வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக்கோடு மட்டும்தான் வருகிறது. இங்கே எழுதினால் நாலு பேர் உன்னைக் கேட்பார்கள், அதற்காகவாவது வாசிப்பாய்.

அப்பாவின் அளவுக் கொப்பியை வைத்து உனக்குத் தோல் வெட்டமாட்டேன். குறை நினைக்காதே. துணி என்றால் வெட்டியிருப்பேன், இறுகினால் பிரித்து இளக்கலாம். தோலில் ஊசி இறங்கிய துளை இறங்கியதுதான். குண்டூசிகூடக் குத்தமுடியாது, கிளிப் போட்டுத்தான் பிடிக்கவேண்டும்.

நீ கொடுத்துவிட்ட துண்டுகளைப் பார்த்தேன். செம்மறிக்குட்டித் தோல் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் நகம் பட்டாலே கோடு விழுகிறது. மோட்டார்சைக்கிளில் போகிறவனுக்கு அது சரிவராது. மாட்டுத்தோல் 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. றோட்டில் விழுந்தால் காப்பாற்றுவது அதுதான், ஆனால் மடிப்புச் சந்தியில் நாலு அடுக்கு சேரும்போது மெசின் நகரமாட்டன் என்கிறது. (வாசிக்கிற மற்றவர்களுக்கு: அது 1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போகமுன், டொக்யாட் என்கிற கப்பல் பட்டறைக்கு உடுப்புகள் தைத்த மெசின்.) ‘ஜெனுவின் லெதர்’ என்று முத்திரை குத்திய துண்டை வெட்டிய ஓரத்தில் பார், மேலே பூச்சு, கீழே நார். பெருவிரலால் அடியிலிருந்து தள்ளினால் நல்ல தோலில் சின்னச் சுருக்கங்கள் ஓடி மறையும். அதில் ஒன்றுமே ஓடவில்லை. ஆகவே வெள்ளாட்டுத்தோல்; பாரமில்லை, லேசில் கிழியாது. தோளுக்கும் முழங்கைக்கும் இரட்டையாகப் போடுகிறேன்.

நீ போகிற அன்று அப்பா உன்னைக் கதிரையைத் திருப்பிப் போட்டு, சைக்கிள் கைபிடி பிடிக்கிறமாதிரி இருத்தி முதுகளவு எடுத்தது நினைவிருக்கா? "நிண்டு எடுத்த அளவு நிக்கத்தான் உதவும்" என்றார். கை முன்னால் போனால் முதுகு அகலும், அது அவருடைய கணக்கு. கழுத்தெலும்பில் நாடாவை வைத்து, தோளால் இறக்கி, முழங்கையை மடக்கச் சொல்லி மணிக்கட்டு வரை கொண்டுவந்தார். "கெதியா எடுங்கோ, வான் வந்திட்டுது" என்று நீ கத்தினாய். அவர் மறுபடியும் முதலில் இருந்து எடுத்தார். அளவு ஏற்கனவே கொப்பியில் எழுதியாகிவிட்டது. நான்தானே எழுதினேன்.

‘அப்பாவின் அளவிலேயே தை’ என்று நீ கேட்டது வாசிக்க அழகாகத்தான் இருந்தது. அந்த அளவுப் பெடியன் இப்போது இல்லை, படத்தில் வயிறு தெரிகிறது. உன் புது அளவை அவர் எடுக்காமலே போனதற்கு யாரைக் கேட்பது? பேப்பர், லீவு, ரிக்கற் காசு, எல்லாம் எனக்கு விளங்கும். விளங்குது என்றதும் நீ நிம்மதியாக மூச்சுவிடுவாயே, அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆஸ்பத்திரிச் செலவு நீதான் பார்த்தாய். சொந்தக்காரரும் இதை வாசிக்கட்டும். மற்றது நமக்குள்.

காடாத்துணியில் ஒரு மாதிரி தைத்து அனுப்புகிறேன். குளிருக்குப் போடுகிற தடித்த சுவெற்றருக்கு மேலே போட்டுப் பார். தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் நிற்கவேண்டும். இரண்டு கையையும் தூக்கு. உடம்பு முழுவதும் மேலே இழுபட்டால் கக்கம் தாழ்வு. நெஞ்சு கொஞ்சம் இறுக்கினால் பரவாயில்லை, தோல் போடப்போட விட்டுக்கொடுக்கும். நிற்கும்போது கை நீளம் என்று வெட்டச் சொல்லாதே. வண்டியில் இருந்து பார், பிறகு முழங்கை மடிந்து மடிந்து தானாக மேலே ஏறும். பிழையான இடங்களில் பேனையால் கீறி அனுப்பு.

தோலை இப்போது அனுப்பவேண்டாம். ஐப்பசி மழை தொடங்கினால் இங்கே அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்தபிறகு அனுப்பு. இல்லாவிட்டால் நீயே கொண்டு வா, காடாத்துணி வேலை மிச்சம். இழுத்துப் பூட்டுகிற சிப் பித்தளையா, வெள்ளையா என்று மட்டும் இப்பவே சொல்லு.

அக்கா
திருகோணமலை