சேம்பரில் வளையத் தழும்பு: மூன்றாம் முறையாக எழுதும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்

பொருள்: .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், சேம்பர் (பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) பழுது, பேரல் மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். முதல் இரண்டு கடிதங்களுக்கும் ஒரே வரியில்தான் பதில் வந்தது: "ரீலோட் செய்த தோட்டாவைச் சுட்டால் உத்தரவாதம் பொருந்தாது." நான் கேட்ட கேள்வி வேறு. ரீலோடிங் டை என்பது சுட்ட கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளை உறையை, மறுபடி நிரப்புமுன் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு. கடையில் வாங்கிய, அந்த டை பக்கமே போகாத புதுத் தோட்டாவைச் சுட்டாலும் கேஸில் ஏன் அதே வளையம் விழுகிறது என்றுதான் கேட்டேன்.

வளையம் கேஸின் அடியிலிருந்து 0.9 அங்குல உயரத்தில், உடலைச் சுற்றி முழு வட்டமாக இருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். பள்ளம் இல்லை, மேடு. சேம்பர் சுவரில் பள்ளம் இருந்தால் பித்தளை அழுத்தத்தில் அதற்குள் பிதுங்கி மேடாகத்தான் வெளியே வரும். டைக்குள் மண்துகள் சிக்கியிருந்தால் கீறல் நீளவாக்கில், பள்ளமாக விழும், ஏனென்றால் ரீலோடிங் பிரஸ் கேஸைச் சுற்றுவதில்லை, டைக்குள் நேராக மேலே தள்ளுகிறது. துப்பாக்கி செய்யும் நிறுவனத்துக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

தொலைபேசியில் வந்த உங்கள் 'தொழில்நுட்ப ஆலோசகர்' முதலில் "கேஸைக் கழுவிப் பாருங்கள்" என்றார். பிறகு "ஹெட் செபரேஷன், டையை அதிகமாக இறக்கியிருப்பீர்கள்" என்றார். ஹெட் செபரேஷன் என்றால் கேஸ் சுவர் உள்ளே மெலிந்து அடிப்பாகம் பிரிந்து போவது. அந்த வளையம் எங்கே வரும் என்று தெரிந்துதான் சொன்னாரா? அது அடிப்பாகத்தின் தடித்த சுவர் முடியும் இடத்தில், சுமார் கால் அங்குல உயரத்தில், பளபளப்பான கோடாக வரும். முனை வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டுத் தடவினால் அங்கே பள்ளம் தட்டும். நான் தடவியும் பார்த்தேன், இரண்டு கேஸை நீளவாக்கில் அறுத்தும் பார்த்தேன். உள்சுவர் வழவழவென்று இருக்கிறது. ஷோல்டரை (கேஸ் கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பகுதியை) நான் 0.002 அங்குலத்துக்கு மேல் பின்தள்ளுவதே இல்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "உங்களைப் போல யூடியூப் பார்த்துவிட்டு நாளைக்குப் பத்து பேர் கூப்பிடுகிறார்கள்" என்றார் அந்த மனிதர். அந்த அழைப்பை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள். தயவுசெய்து போட்டுக் கேளுங்கள்.

அடுத்து அதிக அழுத்தம் என்றார். பிரைமரின் (கேஸ் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியின்) விளிம்பு தட்டையாகாமல் உருண்டையாகவே இருக்கிறது. கேஸ் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) பதிந்த தடம் இல்லை. கையேட்டில் உள்ள தொடக்க அளவு வெடிமருந்திலேயே, போல்ட் கைப்பிடி மேலேறி முடியும் கடைசி இடத்தில் இறுகுகிறது. கேஸை முதலில் நெம்பித் தளர்த்தும் இடம் அதுதான். பள்ளத்தில் பிதுங்கிய மேடு அங்கே பிடித்துக்கொள்கிறது. கடைத் தோட்டாவிலும் இதே கதை.

ஜூலையில் உங்கள் பேச்சை நம்பி ரைஃபிளை அனுப்பினேன். ஐந்து வாரம். திரும்பி வந்த நாளில் வயதுவந்தவர் கையெழுத்து வேண்டும் என்று பார்சலை மையத்துக்கே எடுத்துப் போய்விட்டார்கள். ஆஸ்டினிலிருந்து போக 70 மைல், வர 70 மைல். நாள் முழுக்க வீண். அங்கேயே பெட்டியைத் திறந்தேன். "பேரல் சுத்தம் செய்யப்பட்டது. 3 தோட்டா சுட்டுச் சோதிக்கப்பட்டது. அளவுகள் சரி" என்று ஒரு சீட்டு. கூடவே சின்ன பிளாஸ்டிக் பையில் நீங்கள் சுட்ட மூன்று கேஸ்கள். மூன்றிலும் 0.9 அங்குல உயரத்தில் அதே வளையம்! உங்கள் தோட்டா, உங்கள் ஆள், உங்கள் சோதனைக்கூடம். ஒருவராவது அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாரா?

அளவு சரிதான், மறுக்கவில்லை. சேம்பரின் நீளத்தைச் சோதிக்கும் அளவுக்கட்டைகளில், 1.630 அங்குல கோ கேஜில் போல்ட் மூடுகிறது, 1.634 அங்குல நோ-கோவில் மூடவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்த ஹெட்ஸ்பேஸ் கேஜ் ஷோல்டர் வரையிலான நீளத்தைத்தான் சொல்லும், நடுச்சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்காகவே செரோசேஃப் என்ற, குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையை உருக்கி ஊற்றி வார்ப்பு எடுத்தேன். அது முதலில் சுருங்கி, ஒரு மணி நேரத்தில் சேம்பரின் அசல் அளவுக்கு வரும் என்பதால் அந்த நேரத்தில் அளந்தேன். மேடு 0.002 அங்குலம். பேரலுக்குள் விட்டுப் பார்க்கும் போர்ஸ்கோப் கேமராவிலும் அதே உயரத்தில் கருவளையம் தெரிகிறது. சேம்பரைக் குடைந்து வெட்டும் ரீமரை வெளியே எடுத்துச் சீவலைத் துடைக்காமல் மறுபடி உள்ளே விட்டால் இப்படித்தான் வரும். எந்த ஷிப்டில் நடந்தது என்பதுகூட உங்கள் பதிவேட்டில் இருக்கும்.

இதனால் 200 லபுவா நிறுவனக் கேஸ், பிரைமர், வெடிமருந்து, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு முழு வருஷமே எனக்குப் போய்விட்டது. நவம்பர் முதல் சனிக்கிழமை மான் பருவம் தொடங்குகிறது.

நான் சண்டைக்காரன் இல்லை. பழுதை ஒப்புக்கொண்டு கீழ்க்கண்டபடி செய்தால் இத்தோடு முடித்துக்கொள்கிறேன். பேரலை மாற்றுங்கள். அல்லது பின்புறம் கடைந்து, பள்ளம் முழுக்கப் போகும்வரை பின்தள்ளிப் புதிதாகச் சேம்பர் வெட்டுங்கள். எமரி வைத்துத் தேய்த்து அனுப்பும் வேலை வேண்டாம். 0.002 போகத் தேய்த்தால் சேம்பர் நடுவில் தொப்பை போட்டுவிடும். போக வர அனுப்பும் செலவு உங்களுடையது.

நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மீது அதிகாரம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தைரியம் வேண்டாம். டெக்சஸ் ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டப்படி வழக்குக்கு 60 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இந்தக் கடிதமே அந்த அறிவிப்பு. பதில் இல்லையென்றால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் போகும்.

மரியாதையுடன்,
ஆஸ்டின் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், சேம்பர் வார்ப்பின் படங்கள், அறுத்த கேஸின் படம், நீங்கள் சுட்ட மூன்று கேஸ்களில் ஒன்று. மற்ற இரண்டும் என்னிடமே இருக்கும்.