காதுக்குக் காது அளந்து பார்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். செவ்வாய்ப்பேட்டையில் கரண்டு மட்டும் போய்ப் போய் வருகிறது, பட்டறை வேலை பாதி பாதியாக நிற்கிறது. நீ அனுப்பிய மூன்று வாட்ச் படங்களும் வந்து சேர்ந்தன. உங்கப்பா விலையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் சம்பாத்தியம், உன் ஆசை. கடன் வாங்கி வாங்கவில்லை என்றாய், அதற்கு மேல் நான் கேட்க ஒன்றுமில்லை.

"இவ்வளவு சின்னக் கையில் அவ்வளவு பெரிய வாட்ச் கட்டினால் கேலியாக இருக்குமா அம்மா?" என்று கேட்டிருந்தாய். இதற்குப் பதில் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை. உன் கை அப்படியே என் கை, மணிக்கட்டு சுற்றளவு 15 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதோடு, எலும்பின் மேல் உலோகம் எப்படி உட்காரும், எங்கே உறுத்தும் என்று பார்ப்பதுதானே கொலுசுக்காரியின் பிழைப்பு.

முதலில் அந்தக் கடைப் பையன் விஷயம். "இது ஜென்ட்ஸ் மாடல் மேடம்" என்று சொல்லி, கல் வைத்த குட்டி வாட்ச் ஒன்றை முன்னால் தள்ளினான் என்று எழுதியிருந்தாயே, அதை மறந்துவிடு. நீ மலேசியாவில் இருக்கிற தியோமான் தீவுக்குப் போய் ஸ்கூபா கற்றுக்கொண்டவள். தண்ணீருக்குள் நேரம் பார்க்க ஒரு வாட்ச் கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். அடுத்த முறை வேறு கடைக்குப் போ.

சரி, அளவுக்கு வருகிறேன். வாட்ச் என்றாலே எல்லோரும் விட்டத்தைத்தான் பேசுகிறார்கள். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய்: டியூடர் பிளாக் பே 58 என்றால் 39 மில்லிமீட்டர், ரோலெக்ஸ் சப்மரைனர் 41, ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம் என்றால் 42. ஆனால் கையில் பெரிதா சின்னதா என்று முடிவு செய்வது விட்டம் இல்லை, காது. செயின் மாட்டுவதற்காக மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதைத்தான் காது என்கிறேன். மேல் காதின் நுனியிலிருந்து கீழ்க் காதின் நுனி வரை எவ்வளவு என்று பார். டியூடரும் ரோலெக்ஸும் விட்டத்தில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம். காதுக்குக் காது அளந்தால் இரண்டுமே ஏறக்குறைய 48-தான். சீமாஸ்டர் 50-ஐ ஒட்டி வருகிறது.

இப்போது உன் கையை அள. சுற்றளவு வேண்டாம். மணிக்கட்டின் மேல்பக்கம் தட்டையாக இருக்கிற இடம், அது உருண்டு இறங்க ஆரம்பிக்கும் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பார். பட்டறை வெர்னியரை வைத்து என் கையில் பார்த்தேன், 50-க்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் போன வருஷத்துக் காலண்டர் அட்டையில் மூன்று வாட்ச்சையும் காதோடு வெட்டி, தடிமனுக்காக அட்டை மேல் அட்டை ஒட்டி, நூல் போட்டுக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். வேலைக்கு வருகிற பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! 39-ம் 41-ம் கைக்குள்ளேயே அடங்கின. 42-ஐக் கட்டி, கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பக்கமும் காதுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் தெரிந்தால் அந்த வாட்ச் உனக்கு இல்லை. மற்றபடி விட்டம் எவ்வளவு இருந்தாலும் பயப்படாதே. சீக்கோவில் 'டூனா' என்று ஒரு மாடல் இருக்கிறது, பார்த்தால் ராட்சசன். காது வெளியே நீட்டாமல் உடம்புக்கு அடியிலேயே ஒளிந்துகொள்வதால் சின்னக் கைக்காரர்களும் அதைக் கட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது உயரம். இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. பிளாக் பே 58-இன் தடிமன் 12 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு, சீமாஸ்டர் 13-ஐத் தாண்டும். காகிதத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதாகத் தெரியாது. சின்னக் கையில் தெரியும், உயரமான வாட்ச் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். சாய்ந்தால் பக்கவாட்டில் இருக்கிற திருகும் கீ புறங்கையில் குத்தும், கதவு நிலையில் இடிக்கும்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். சப்மரைனர் செயினோடு 150 கிராமுக்கு மேல் வரும். கல்யாணத்துக்கு 150 கிராமில் கொலுசு கேட்டு வந்தால் 'கனமான ஜோடி' என்று சொல்லித்தான் கொடுப்போம், அதுவும் இரண்டு காலுக்குப் பிரிகிறது. நீ ஒரே கையில் சுமக்கப் போகிறாய். சுமக்க முடியாது என்றில்லை. எடை ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லூசாகக் கட்டினால் சாயங்காலத்துக்குள் தோள் வரை வலிக்கும். எடைதான் தொந்தரவு என்றால் டியூடரிலேயே பெலாகோஸ் 39 என்று ஒன்று 2022-இல் வந்தது, முழுக்க டைட்டானியம். எஃகைவிட 40 சதவீதத்துக்கு மேல் லேசான உலோகம் அது. நிறம் கொஞ்சம் மங்கல் சாம்பல், எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குப் பிடிக்கலாம்.

செயினைப் பற்றி நான் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். காதை ஒட்டி வருகிற முதல் கண்ணியைப் பார். அது உடனே கீழே மடங்கி விழ வேண்டும். விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றால் காதின் நீளத்தோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடு, 48 என்று எழுதியிருப்பது உன் கையில் 52 ஆகிவிடும். கொலுசில் கண்ணி விழாவிட்டால் கணுக்கால் எலும்பைச் சுற்றாமல் வட்டமாக எழும்பி நிற்குமே, அதே கோளாறு. அடுத்து லாக். பெரிய வாட்ச்சுக்கு லாக்கும் நீளம், தட்டை. சின்னக் கையில் அடிப்பக்கம் முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும். எத்தனை கண்ணி கழற்றலாம், எத்தனை நிரந்தரம் என்று முதலிலேயே கேள். இரண்டு பக்கமும் சமமாக எடுக்கச் சொல்லாதே. நம்மைப் போன்ற கைக்குப் பெரும்பாலும் 6 மணிப் பக்கம் அதிகமாக எடுத்தால்தான் லாக் நடுவில் வந்து நிற்கும்.

கருவி இல்லாமல் கையாலேயே லாக்கை இழுத்துத் தளர்த்தும் வசதி இருக்கிற மாடலாகப் பார். சப்மரைனரில் 2 மில்லிமீட்டர் வீதம் 20 வரை தளர்த்தலாம். டைவிங் உடுப்புக்கு மேல் கட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள், ஆனால் அதன் உண்மையான பயன் நம் ஊரில்தான் தெரியும். சேலத்துச் சித்திரை வெயிலில் மத்தியானம் கை உப்பிவிடும். அதே வாட்ச்சோடு ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் அது முழங்கை வரை ஓடும்.

ஆழக் கணக்கைப் பார்த்து மயங்காதே. 200 மீட்டர், 300 மீட்டர் என்று போட்டிருப்பான். நீ வாங்கியிருக்கும் ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. மேலே படித்தாலும் பொழுதுபோக்காக இறங்குகிறவர்களுக்கு 40-க்குக் கீழே வேலை இல்லை. டைவர் வாட்ச்சுக்கு என்று ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தரம் இருக்கிறது, அது கேட்பதே குறைந்தது 100 மீட்டர்தான். சீமாஸ்டரில் 10 மணிப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதே, ஹீலியம் வெளியேற்றும் வால்வு, அது நாள்கணக்காக அழுத்த அறைக்குள் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு. உனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தண்ணீரில் இறங்கிய நேரத்தைக் குறித்து வைக்க, ஒரு பக்கம் மட்டும் சுற்றும் வெளிவளையம்தான் உனக்கு வேண்டும். தெரியாமல் இடித்தாலும் ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. மூச்சுக் கணக்கில் அது பெரிய விஷயம்.

பெரிதாக இருந்தால்தான் அசல் டைவர் வாட்ச் என்பதும் சும்மா பேச்சு. இத்தாலியக் கடற்படைக்குப் பனேராய் செய்து கொடுத்தது 47 மில்லிமீட்டர், உண்மைதான். அது இருட்டுத் தண்ணீரில் உடுப்புக்கு மேல் கட்ட. 1954-இல் டியூடர் முதல் சப்மரைனர் செய்தபோது அது 37-தான், அதைக் கட்டிக்கொண்டுதான் கடலில் இறங்கினார்கள். அதே அளவில் பிளாக் பே 54 என்று 2023-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். உன் பட்டியலில் அது இல்லை. ஒரு தடவை போட்டுப் பார். அதையும் பெண்கள் மாடல் என்று யாராவது சொன்னால், தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா 35-தான், அவர் ஆறடி என்று சொல்.

பெண்கள் என்றதும் நினைவு வருகிறது. மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்று ஒரு ஆங்கிலேயப் பெண், 1927-இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் ஒன்றைக் கூடவே கொண்டுபோனார். குளிர் தாங்காமல் அந்த முறை கரை சேராமலே அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று, வாட்ச் மட்டும் நிற்காமல் ஓடியது. ரோலெக்ஸ்காரர்கள் அதை வைத்துப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே போட்டார்கள். அவர் அதைக் கையில் கட்டவில்லை, கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் புகாத வாட்ச்சுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே ஒரு பெண், இவன் ஜென்ட்ஸ் மாடல் என்கிறான்.

கடையில் கையைக் குனிந்து பார்த்து முடிவெடுக்காதே. ஃபோனில் கிட்ட வைத்து எடுக்கும் படத்தையும் நம்பாதே, பக்கத்தில் இருப்பதை அது ஊதிக் காட்டும். நீ அனுப்பிய படத்தில் கையே காணோம், வாட்ச்தான் இருக்கிறது. ஆளுயரக் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நில். மற்றவர்கள் பார்க்கப் போவது அதைத்தான்.

என் முடிவைக் கேட்டால், சீமாஸ்டரை விட்டுவிடு. மற்ற இரண்டில் எது என்றாலும் கைக்குப் பொருந்தும். மனசு சப்மரைனரில்தான் என்றால் அளவைக் காரணம் காட்டி டியூடரில் இறங்காதே, அந்த ஏக்கம் போகாது. பணத்தைக் காரணம் காட்டி இறங்கினால் அது வேறு, உங்கப்பா மறுபடி பேச ஆரம்பிப்பார்.

வாங்கினால் கழற்றிய கண்ணிகளை ஒரு பொட்டலமாகக் கேட்டு வாங்கிக்கொள். கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதே. எனக்கும் உன் வயதில் மணிக்கட்டு 15 சென்டிமீட்டர் கூட இருந்ததில்லை. இன்னும் பத்து வருஷத்தில் இரண்டு கண்ணியாவது திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
அம்மா