கிளிக்குக் கண் பழுப்பான கதையும் சில நன்றிகளும்

எல்லோருக்கும் வணக்கம்.

நான் மதுரைக்காரன். வேலை பார்த்த காலம் முழுக்க டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் ஆனி மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டிவியும் பேப்பரும் நாலே நாளில் அலுத்துப்போய், வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழ ஆரம்பித்த நேரத்தில், மதினி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். என் மகள் எட்டாம் வகுப்புத் தையல் பீரியடுக்காகப் பாதி வாத்து போட்டு விட்ட மேட்டி துணி (கட்டம் கட்டமாக நெய்த துணி), சிக்கலாய்க் கிடந்த நூல், துருப்பிடித்த ஊசி. "கட்டம் கட்டமா வரைஞ்ச ஆளுதான, இதையாவது முடிங்க" என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார். அந்த வாத்தை மூன்று நாளில் முடித்துவிட்டேன். அதிலிருந்து பிடித்த இந்தப் பெருக்கல் தையல் (கிராஸ் ஸ்டிட்ச், கட்டத்துக்குக் கட்டம் பெருக்கல் குறி மாதிரி நூல் போடுவது) பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

இந்த ஒன்றேகால் வருஷத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நிறையப் பேர். யாரும் காசு வாங்கவில்லை, யாரும் தொழில் ரகசியம் என்று மறைக்கவில்லை. அவர்கள் பெயரைப் போட்டால் சிலருக்குப் பிடிக்காது, அதனால் ஆளைச் சொல்லாமல் சங்கதியை மட்டும் சொல்கிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி மதினிக்குத்தான். வாத்தை முடித்துப் பெருமையாகக் காட்டினேன், அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, துணியைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் முடிச்சும் தொங்கலுமாக ஒரே அலங்கோலம். முடிச்சே போடக் கூடாது, நூல் நுனியை ஓர் அங்குலம் பின்னால் விட்டுப் பிடித்துக்கொண்டு முதல் நாலைந்து தையலுக்கு அடியில் அதை அமுக்கிவிட வேண்டும் என்று காட்டினார். பெருக்கல் குறியில் மேலே வரும் கை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். என் வாத்தில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். வெளிச்சத்தில் பிடித்தால் வாத்து பாதி பளபளக்கும், பாதி மங்கும்.

அடுத்து, அம்மன் கோயில் பக்கம் நூல், லேஸ், பட்டன் விற்கும் அந்தச் சின்னக் கடைக்காரர். புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகு எனக்குத் திசையே குழம்பிப்போய், கைத்தடியோடு விசாரித்து விசாரித்து அவரிடம் போய்ச் சேர்ந்தேன். எந்தக் கடையில் ஏறினாலும் "வீட்டம்மாவுக்கா சார்?" என்றுதான் முதல் கேள்வி. இவர் மட்டும் "எத்தனை இழை வச்சுப் போடுறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இழை விஷயம் புதிதாக வருபவர்களுக்கு: நாம் வாங்குகிற எம்பிராய்டரி நூல் கண்டு ஒன்றில் 8 மீட்டர் இருக்கும், ஆறு இழை சேர்ந்தது. அப்படியே ஊசியில் கோர்க்கக் கூடாது. வேண்டிய நீளம் வெட்டி, ஒவ்வோர் இழையாக மேல்நோக்கி உருவி, தேவையான இழைகளைத் திரும்பச் சேர்த்துக் கோர்க்க வேண்டும். அங்குலத்துக்குப் பதினாலு கட்டம் உள்ள ஐடா துணி (இந்தத் தையலுக்கென்றே கட்டமாக நெய்தது) என்றால் இரண்டு இழை போதும். ஆறையும் கோர்த்துக்கொண்டு இழுத்தால் ஊசி வராது, துணி சுருங்கும், கெட்ட வார்த்தை வரும். என் அனுபவம்.

இப்போது கிளி. மீனாட்சி கையில் இருக்கிற மாதிரி ஒரு பச்சைக்கிளி போட ஆசைப்பட்டு, வெளிநாட்டுப் படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். நூல் பட்டியலில் கண்ணுக்கு 310 என்று போட்டிருந்தது. கடையில் போய் "ஆங்கர்ல 310 குடுங்க" என்று வாங்கி வந்து, கண் பலவீனத்தில், ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்தில் போட்டும் முடித்தாயிற்று. காலையில் பார்த்தால் கிளிக்குக் கண் பழுப்பு. படத்தில் இருந்த 310 டிஎம்சி கம்பெனியின் எண், அதில் 310 என்றால் கறுப்பு. ஆங்கரில் கறுப்பு வேண்டுமென்றால் 403. இரண்டு கம்பெனிக்கும் எண் வரிசைக்குச் சம்பந்தமே கிடையாது. இதைச் சொன்னதும் கடைக்காரர் சிரிக்காமல், ஷேடு கார்டை (நிறமும் எண்ணும் உள்ள அட்டையை) எடுத்து எதிரே போட்டு, படத்தில் இருந்த பதினெட்டு நிறத்துக்கும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நூலை வைத்துப் பார்த்து எண் எழுதிக்கொடுத்தார். முக்கால் மணி நேரம். நான் வாங்கியது மூன்றே கண்டு.

ஊசிக்கும் இப்படித்தான் அலைந்தேன். டேப்பஸ்ட்ரி ஊசி, 24-ஆம் நம்பர் என்று கேட்டால் கடைகளில் விழிப்பார்கள். அந்த நூல் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன்தான், "மொக்கை ஊசின்னு கேளுங்க சார்" என்றான். முனை மழுங்கி, காது பெரிதாக இருக்கும், துணியின் இழையைக் குத்திக் கிழிக்காமல் ஓட்டையைத் தேடிப் போகும். மொக்கை ஊசி என்று கேட்டதும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. தம்பி, நீ நல்லா இருக்கணும்.

மேட்டி துணி பற்றி என் சொந்தக் குறை ஒன்று. சில ரகத்தில் குறுக்கும் நெடுக்கும் கட்டம் ஒரே அளவாக வருவதில்லை. என்னிடம் இருந்த துண்டில் ஸ்கேலை வைத்து எண்ணினேன்: அகலவாட்டில் அங்குலத்துக்குப் பதினொன்று, நீளவாட்டில் பத்து. அறுபதுக்கு அறுபது கட்டத்தில் வட்டமாகப் போட்ட கோலம், அகலம் ஐந்தரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் உயரம் ஆறு அங்குலமாகவும் வந்து முட்டை ஆகிவிட்டது. இப்போது லென்ஸும் ஸ்கேலும் சட்டைப் பையில். துணியை வெட்டுவதற்கு முன் எண்ண விடுகிற கடைக்காரருக்கு நன்றி, முகம் சுளிக்கிறவர்களுக்கும் நன்றி, உங்களிடம் வாங்குவதில்லை, அவ்வளவுதான். ஐடா துணி இங்கே எப்போதும் கிடைப்பதில்லை. சென்னையில் இருக்கும் நண்பர் மகன் கந்தகோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ராசப்ப செட்டி தெருவில் புகுந்து, வெயிலிலும் கூட்டத்திலும் என் சீட்டை நீட்டி வாங்கி அனுப்புகிறான். மொத்த விலைக் கடையில் அரை மீட்டர் கேட்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

டிசைனுக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு ஒரு தலைகுனிவு. வாட்ஸ்அப்பில் வந்த படங்களை எல்லாம் நானும் நாலு பேருக்குத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெண் செய்தி அனுப்பியது: "அப்பா, நீங்க அனுப்பின பூக்கூடை நான் வரைஞ்சு விக்கிறது. ஒரு டிசைனுக்கு எனக்குப் பத்து நாள் ஆகுது." திட்டவில்லை. வாழ்நாள் முழுக்க வரைபடம் வரைந்து சோறு தின்றவனுக்கு அது உறைக்க வேண்டாமா? மன்னிப்புக் கேட்டு, காசு கொடுத்து, அனுப்பியவர்களிடமும் சொன்னேன். காசில்லாமல் நியாயமாக எடுக்க இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்ததும் அதே பெண்தான். டிஎம்சி தங்கள் தளத்திலேயே இலவசப் படங்கள் தருகிறார்கள். ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரி என்ற தளத்தில் காப்புரிமை முடிந்த பழைய டிசைன் ஏடுகளைத் தன்னார்வலர்கள் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், பார்க்க ஆரம்பித்தால் சாப்பாடு மறந்துவிடும். அம்மா, நீ செய்தது பெரிய உதவி.

அப்புறம் வீட்டுக்காரியின் சித்தி. அவருடைய கோல நோட்டு, மாட்டுத்தாள் அட்டை போட்டது, இப்போது என்னிடம் இருக்கிறது. சிக்குக் கோலம் கட்டத் துணிக்குச் சரிப்படாது, வளைவு ஏணிப்படியாகிவிடும். கோடுகளால் ஆன நட்சத்திரக் கோலங்கள் அருமையாக வரும். நேர்ப்புள்ளி என்றால் சிக்கலே இல்லை. ஊடுபுள்ளியில்தான் முதலில் தடுமாறினேன். புள்ளிக்குப் புள்ளி 8 கட்டம், வரிசைக்கு வரிசை 7 கட்டம், அடுத்த வரிசை 4 கட்டம் தள்ளி என்று வைத்துப் பாருங்கள், கோலம் நசுங்காமல் நிற்கும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதிர் வீட்டம்மா கர்நாடகத்துத் தார்வாட்காரர். நான் கோலத்தைப் பெருக்கல் தையலில் நிரப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவர்கள் ஊர் எம்பிராய்டரியான கசூதி வேலையில் கவந்தி என்ற தையலைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கட்டம் துணிக்கு மேலே, ஒரு கட்டம் துணிக்கு அடியில் என்று ஓட்டிப் போய், அதே வழியில் திரும்பி வந்து விட்ட இடத்தை நிரப்புவது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். (மதினி திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கொடுத்துவிட்டார், அது பாராட்டு.) நாம் போடும் பெருக்கல் தையலுக்கு அவர்கள் மெந்தி என்கிறார்கள், அதாவது வெந்தயம். பொருத்தமான பெயர்.

விற்பனை. இதில் நான் பெரிய புலி இல்லை, ஏமாந்த பூனை. ஒரு கண்காட்சியில் வாடகை வாங்கிக்கொண்டு மூலையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் கொடுத்தார்கள், இரண்டு நாளில் வந்தவர்கள் எல்லாம் கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள். அந்த வருத்தத்தில் இருந்தபோது, நவராத்திரி சமயத்தில் மகளிர் சுய உதவிக் குழு அக்கா ஒருவர் தன் மேசையில் ஒரு சாண் இடம் விட்டுக் கொடுத்தார். ஆரி வேலை செய்கிறவர். முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமில்லாதவர். கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஐந்து அங்குலச் சதுரம், பதினாலு கட்டத் துணியில், எழுபதுக்கு எழுபது, 4900 தையல். மணிக்கு நூறு என்று வைத்தால் நாற்பத்தொன்பது மணி நேரம். மணிக்கு வெறும் ஐம்பது ரூபாய் என்றாலும் 2450, நூலும் பிரேமும் தனி. "யாரு அண்ணே வாங்குவா? சின்னதாப் போடுங்க, வளைகாப்புக்குக் குடுக்கிற மாதிரிப் போடுங்க" என்றார். தாம்பூலப் பையில் கவந்தித் தையலில் ஒரு சின்னக் கோலம், முக்கால் மணி நேர வேலை. ஒரு வளைகாப்புக்கு நாற்பது பை போயிற்று. வந்த காசு முழுக்க நூலாக மாறிவிட்டது என்பது வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்.

இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அந்த அக்கா சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை, பெஹ்சான் என்பார்கள், அதை எடுத்து வையுங்கள், காந்தி சில்ப் பஜார் மாதிரி சந்தைகளுக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். குழுவில் இருக்கும் பெண்கள், குழுப் பொருள்களை விற்கும் பூமாலை வளாகத்தில் விசாரிக்கலாம்.

சாமி படம் பிரேம் போடும் அண்ணாச்சியை மறந்தால் பாவம். ஃபெவிகால் தடவி ஒட்டச் சொன்னேன், மறுத்துவிட்டார். அட்டையின் பின்னால் துணியை மடித்து, குறுக்கும் நெடுக்குமாக நூலால் இழுத்துக் கட்டினால் நாளைக்குக் கழற்றித் துவைக்கலாம் என்று சொல்லி, என்னையே உட்காரவைத்துக் கட்ட வைத்தார்.

என்னிடம் இப்போது இருபத்திரண்டு கோலத்துக்குக் கட்டத்தாள் வரைபடம் தயாராக இருக்கிறது. சித்தி சம்மதித்துவிட்டார், வேண்டுபவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம், விற்கும் பொருளில் போட்டாலும் சரி. டிஎம்சி, ஆங்கர் எண்களை ஒப்பிட்டுக் கடைக்காரர் எழுதிய தாளும் உண்டு.

அந்தக் கிளி கூடத்தில்தான் தொங்குகிறது, கண்ணைப் பிரித்துப் போடவில்லை. போன வாரம் வந்த பேரன் உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுக்கும் உங்கள மாதிரி கண்ணுல பொறை விழுந்திருக்கா?" என்றான்.