மாஸ்டர் இல்லாத இசை அறை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

நம் பள்ளியின் ஜாஸ் இசை ஆசிரியர் காலமாகிவிட்டார் என்று நேற்று உங்கள் எல்லோருக்கும் இரண்டு வரியில் செய்தி அனுப்பினோம். அவரைப் பற்றி அந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகளுக்கு அவர் 'மாஸ்டர்'. பல வருடம் மேடைகளில் சாக்ஸஃபோன் வாசித்துவிட்டு நம்மிடம் வந்தவர். வந்த வருடமே, ஆண்டு விழாவில் பிள்ளைகள் நோட்டைப் பார்த்துப் பிசகில்லாமல் வாசித்தால் போதும் என்று அவரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஒருநாள் வகுப்புக்கு வந்து உட்காரச் சொன்னார்.

சாக்ஸஃபோனின் ரீட் என்பது நாணலில் சீவிய மெல்லிய பட்டை. வாசிக்கும் முன் அதை வாயில் வைத்து ஈரமாக்க வேண்டும். அன்று ஒரு மாணவி வாசிக்க எழுந்ததும் மாஸ்டர் தம் ரீட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வாயில் ரீட் இருந்தால் பேச முடியாது, நடுவில் திருத்தவும் முடியாது. அவள் தடுமாறினாள், நின்றாள், மறுபடி பிடித்துக்கொண்டாள். 12 பார், அதாவது ஒரு முழுச் சுற்று, முடியும்வரை அவர் அவளையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ரீட்டை வாத்தியத்தில் பொருத்தி, அவள் எந்தச் சுரத்தில் தடுமாறினாளோ அதே சுரத்திலிருந்து தம் வாசிப்பைத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆண்டு விழாவைப் பற்றி அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை.

12 பார் என்பது, ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் என்ற இசை வடிவத்தின் ஒரு சுற்று. பார் என்பது ஒரு தாள அளவு. பாருக்கு நான்கு அடி, மொத்தம் 48 எண்ணிக்கை. பின்னணியில் ஓடும் கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின், வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். அதன்மேல் ஒவ்வொருவரும் வாசிப்பது அவரவருடையது. நாம் மனோதர்மம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் ஒரு கச்சேரியில் தவறான கார்டை அழுத்திவிட, உடன் டிரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸ் ஒரு கணம் நின்று, அந்தக் கார்டு பொருந்தும்படியான சுரங்களை வாசித்த கதையை உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மாஸ்டர் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இசை அறைச் சுவரில் எல்லிஸ் மார்சாலிஸின் படம் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸின் பியானோ கலைஞர், 1974 முதல் அங்கே ஒரு கலைப் பள்ளியில் ஜாஸ் கற்றுக்கொடுத்தவர். 2020 ஏப்ரல் 1 அன்று, 85 வயதில், கொரோனாவால் இறந்தார். செய்தி கேட்டதும் மாஸ்டர் எனக்கு போன் செய்தார். அவருடைய வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விண்டன், பிரான்ஃபோர்ட், டெரன்ஸ் பிளான்சார்ட், ஹாரி கானிக் என்று அவரிடம் கற்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் போன பிறகு, நேற்று இரவு நானும் அப்படித்தான் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் பிள்ளைகளின் பெயர்கள்.

வீட்டில் ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் மாஸ்டர் தூங்கிவிட்டார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டாம். தூங்கவே பயப்படும், இல்லையென்றால் திரும்பி வருவார் என்று காத்திருக்கும். இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்றே சொல்லுங்கள். அழுதால் அழட்டும். அழுதுவிட்டு அடுத்த நிமிடமே விளையாட ஓடினாலும் தப்பில்லை, குழந்தைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். யாராவது வாத்தியத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தால், வேலையை வைத்துவிட்டு முடியும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.

இசை வகுப்புகள் நிற்காது. புது ஆசிரியர் வரும்வரை மூத்த மாணவர்கள் நடத்துவார்கள், நானும் உடன் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இசை அறையில் கூடுகிறோம். பேச்சு எதுவும் கிடையாது. பிள்ளைகள் ஒரு ப்ளூஸ் வாசிப்பார்கள், ஆளுக்கு ஒரு சுற்று. மாஸ்டர் வழக்கமாகக் கடைசிச் சுற்றை வாசிப்பார். அந்தச் சுற்றில் யாரும் வாசிக்கப் போவதில்லை, பாஸ் வாத்தியமும் டிரம்ஸும் மட்டும் போகட்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள். 48 எண்ணிக்கை. முடிந்தவர்கள் வந்து எங்களோடு உட்காருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்