பொருள்: பாலிஷ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பாக்கெட் கடிகாரம் பற்றி, ஆறாவது முறையாக

வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் ஐந்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்துக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று இயந்திரம் பதில் போட்டது. அதனால் இந்த முறை ஸ்பீட் போஸ்ட். மனிதர் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

பழைய கடிகாரங்களைப் பழுதுபார்த்துத் தரும் உங்கள் ஹெரிடேஜ் திட்டத்தைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. கடிகாரத்தை ஒப்படைக்கும்போது தரும் அந்தப் பச்சை அட்டையின் பின்பக்கம் 'சிறப்புக் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, ஜனவரி 9-ம் தேதி அதில் என் கைப்பட எழுதினேன்: "உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் போதும். மூடிக்கு பாலிஷ் வேண்டாம்." கவுன்ட்டரில் இருந்த தம்பி அதைப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்தும் போட்டார். நல்ல பையன், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஏப்ரலில் கூரியரில் வந்த பெட்டியைத் திறந்தால் பின்மூடி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது.

என் தாத்தா தென்னிந்திய ரயில்வேயில் கார்டு. எங்கள் வீட்டில் எஸ்.ஐ.ஆர் என்றுதான் சொல்வோம். யாரோ வைத்திருந்த பழைய சுவிஸ் வெள்ளிக் கடிகாரத்தை வாங்கி, 1938-ல் திருச்சி பெரிய கடைவீதியில் ஓர் ஆசாரியிடம் கொடுத்து, தன் பெயரின் முதலெழுத்து, எஸ்.ஐ.ஆர், வருடம் எல்லாம் பின்மூடியில் வெட்டிக்கொண்டார். ஆசாரி கையால் வெட்டியது; கடைசி எழுத்தின் கால் சற்றுக் கோணல். சிறு வயதில் அந்தக் கோணலை நகத்தால் தடவிப் பார்ப்பேன். 1951-ல் அந்த ரயில்வேயே தெற்கு ரயில்வேயில் கரைந்துபோனது. எழுத்து மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. வெள்ளி மெத்தென்ற உலோகம் என்பது உங்களுக்குத் தெரியாதா? கிட்டத்தட்ட 90 வருடம் கோட்டுப் பையில் உரசியும் போகாததை உங்கள் பஃபிங் சக்கரம் ஒரே நாளில் தின்றுவிட்டது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் 'எஸ்' மட்டும் நிழலாகத் தெரிகிறது. என் குடும்பத்தின் சரித்திரத்தையே அழித்துவிட்டீர்கள்.

பில்லையும் பாருங்கள். மொத்தம் 9,800 ரூபாய், அதில் 'கேஸ் பாலிஷிங்' 1,500. அழித்ததற்குக் கூலியும் நான்தான் கொடுத்திருக்கிறேன்!

இதைக் கேட்கத்தான் மே மாதம் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு கேட்க வைத்த பிறகு ஒரு மேலாளர் வந்தார். பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், நீங்க மொபைல்ல டைம் பார்க்கறதில்லையா?" என்றார். எனக்கு வயது 63. என் பேத்திகூட என்னிடம் இப்படிப் பேசமாட்டாள். அந்த அழைப்பு பதிவாகியிருக்கும், நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஏப்ரலில் கூரியரில் வருவதற்கு முன்பே, மார்ச் 14-ம் தேதி "கடிகாரம் தயார், நேரில் பெற்றுக்கொள்ளவும்" என்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். காலையில் பல்லவன் ரயிலைப் பிடித்து மதியம் சென்னை வந்து சேர்ந்தால், "அது பெங்களூரு ஒர்க்‌ஷாப்பில இருக்கு சார், மெசேஜ் தானா போயிருக்கும்" என்றார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. அப்புறம் கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்து, விடியற்காலை மூன்று மணிக்கு வீடு.

சரி, அழகு போனால் போகட்டும், ஓட்டமாவது சரியாக இருக்கிறதா? உங்களிடம் கொடுக்கும் முன் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பின்னால் ஓடும். வயதான கடிகாரத்துக்கு அது பெரிய மரியாதை. இப்போது 25 நிமிடம் முன்னால் ஓடுகிறது. "தினமும் கூடவே வெச்சுக்கோங்க, செட் ஆயிடும்" என்றார் உங்கள் ஆட்களில் ஒருவர். "பேட்டரி மாற்றிப் பார்த்தீங்களா?" என்றார் இன்னொருவர். சாவி கொடுத்தால் நொடிக்கு ஐந்து தடவை டிக் அடிக்கிற கடிகாரத்துக்குப் பேட்டரி! நீங்கள் விற்பது கடிகாரமா, டார்ச் லைட்டா?

கடைசியில் எங்கள் தெரு முனையில் குடை நிழலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் காட்டினேன். அவர் கடிகாரத்தைத் திறக்கக்கூட இல்லை. பக்கத்தில் ஒரு திசைகாட்டியை வைத்தார். முள் துள்ளியது. "காந்தம் ஏறியிருக்குங்க. ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற ஹேர்ஸ்பிரிங்னு மெல்லிய சுருள் இருக்கு, அதோட சுற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிட்டா, சுருள் குட்டையான மாதிரிதான். அதான் இந்த ஓட்டம்" என்றார். காந்தம் நீக்கும் கருவியில் காட்டி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாதாம். பணமும் வேண்டாம் என்றார். 'வெளியாள் கை வைத்துவிட்டார்' என்று உங்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுமே என்று நான்தான் தடுத்தேன். ஏழு மாதம், ஆறு கடிதம், ஒரு வீண் பயணம், எல்லாம் இந்த ஒரு நிமிட வேலைக்கு.

தயவுசெய்து இதை நல்ல முறையில் முடித்துக் கொடுங்கள். கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். காந்தத்தை நீக்கி ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். வேலைக்கு முன் நீங்கள் எடுத்த பின்மூடிப் படத்தின் நகலை அனுப்புங்கள். அதை வைத்துத்தான் மறுபடி எழுத்து வெட்ட முடியுமா என்று ஓர் ஆசாரியிடம் கேட்க வேண்டும். அந்த மேலாளர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

15 நாள் தருகிறேன். அதற்குப் பிறகு திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். என் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் ஏற்கெனவே பேசிவிட்டேன். இனி பயணம் செய்யப்போவது உங்கள் ஆட்கள்தான்.

போனில் அழைக்க வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் 'மதிப்புமிக்க வாடிக்கையாளர்'

பி.கு.: கடிகாரத்தோடு கொடுத்த சங்கிலி இன்னும் திரும்பி வரவில்லை. பச்சை அட்டையில் 'சங்கிலி 1' என்று இருக்கிறது. எஃகுச் சங்கிலி, கொக்கி கொஞ்சம் வளைந்திருக்கும், அங்கங்கே கறுப்பாக இருக்கும். கிடைத்தால் அப்படியே அனுப்புங்கள், யாரும் துடைக்க வேண்டாம்.