குனெர்ட்டின் சிங்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வந்த காட்டுயிர் ஓவியர்கள் பற்றிய கட்டுரையில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் குனெர்ட் (1865–1926) விடுபட்டது பெருங்குறை. பெர்லினில் ஓவியம் பயின்ற அவர், 1891 முதல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போய் வரைந்தார். கூண்டுச் சிங்கத்தை மட்டும் பார்த்து வரைந்தால் தசை தளர்ந்து, பிடரி மயிர் அளவுமீறி அடர்ந்துவிடும். முட்புதரில் உரசித் திரியும் சிங்கத்துக்கு அப்படி இருக்காது. களத்தில் பென்சில் கோடுகளும் சிறு எண்ணெய் வண்ணப் பதிவுகளும்தான். பெரிய ஓவியங்கள் பெர்லின் திரும்பிய பிறகே. புல்வெளியின் வெயில் நிறம் பிசகாமல் வந்தது அந்தப் பதிவுகளால்தான். தாமே வேட்டையாடிய விலங்குகளின் உடலைப் பார்த்தும் வரைந்தார். அதையும் சொல்லியாக வேண்டும். 1905இல், ஜெர்மன் ஆட்சியை எதிர்த்துக் கிழக்கு ஆப்பிரிக்க மக்கள் நடத்திய மாஜி மாஜி எழுச்சியை ஜெர்மன் படை ஒடுக்கியபோதும் அங்கே இருந்தார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர்