திமிலில் தண்ணீர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் சிறுவர் பக்கத்தில் ஒட்டகத்தைப் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி உரக்கப் படித்துக் காட்டினாள். 'ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமித்து வைக்கிறது' என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். 29 வருடம் விலங்கியல் கற்பித்தவள் நான். ஆரம்பத்தில் சில வருடங்கள் நானும் இதே வரியைத்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிட்டுப் போன பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டுத் திருத்த முடியாது என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

திமிலில் இருப்பது கொழுப்பு. தீனி கிடைக்காத நாட்களுக்கான கையிருப்பு அது. தண்ணீர் விஷயத்தில் ஒட்டகத்தின் கெட்டிக்காரத்தனமெல்லாம் செலவைக் குறைப்பதில் இருக்கிறது. நமக்கு உடல் சூடு இரண்டு டிகிரி செல்சியஸ் ஏறினாலே படுத்துவிடுகிறோம். தாகத்தோடு இருக்கும் ஒட்டகத்துக்கு விடியற்காலையில் 34 டிகிரி, பிற்பகலில் 40 டிகிரிக்கு மேல். பகல் முழுக்கச் சூட்டை ஏறவிடுவதால் வியர்வை மிச்சமாகிறது. ராத்திரிக் குளிரில் அந்தச் சூடு தானாக இறங்கிவிடுகிறது. 1950களில் சகாராவில் ஆய்வு செய்த கனுட் ஷ்மிட்-நீல்சன் ஒட்டகத்தின் ரோமத்தை மழித்தும் பார்த்தார். மழித்த ஒட்டகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீரை இழந்தது. வெயிலில் அந்தக் கம்பளி எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

உடல் எடையில் கால் பங்கு நீர் போனாலும் ஒட்டகம் நடக்கும். அப்புறம் தண்ணீரைக் கண்டால் சில நிமிடங்களில் 100 லிட்டர் வரை குடித்துவிடும். அத்தனை நீர் திடீரென்று ரத்தத்தில் கலந்தால் மற்ற விலங்குகளின் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஒட்டகத்தின் முட்டை வடிவ அணுக்கள் இரண்டு மடங்கு உப்பினாலும் தாங்கும். எத்தனை நாள் தாங்கினாலும் கடைசியில் அதற்கும் தண்ணீர் வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

குடிக்காமலே வாழும் விலங்கு வேண்டுமென்றால் வட அமெரிக்கக் கங்காரு எலி இருக்கிறது. உலர்ந்த விதைகளைத் தின்று, அவை செரித்து எரியும்போது உடலுக்குள் உண்டாகும் நீரிலேயே வாழ்கிறது. வெளிவிடும் மூச்சில் உள்ள ஈரத்தைக்கூட மூக்கிலேயே குளிரவைத்துப் பிடித்துக்கொள்ளும். பகலில் வளையை விட்டு வெளியே வராது.

அந்த வளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் கட்டுரையின் கடைசி வரிதான் என்னை மிகவும் வருத்தியது. 'பூமி எவ்வளவு சூடானாலும் விலங்குகள் தங்களை மாற்றிக்கொள்ளும்' என்று முடித்திருக்கிறீர்கள். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெலும் அவருடைய சகாக்களும் சென்ற நூற்றாண்டில் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். அதே இடங்களை மறுபடி போய்ப் பார்த்தவர்களின் ஆய்வு 2018ல் வந்தது. ஓரிடத்தில் முன்பு இருந்த பறவை வகைகளில் சராசரியாக 43 சதவீதம் இப்போது அங்கே இல்லை. பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த பறவைகள் இவை! அதே பகுதியின் எலி வகைகளைப் பற்றி 2021ல் வந்த ஆய்வில் பெரிய மாற்றம் தெரியவில்லை. எலி வளைக்குள் போய்விடுகிறது. பறவை வெயிலில் கிடந்து, மூச்சிரைத்து, தன் உடல் நீரைச் செலவழித்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பல்லாயிரம் தலைமுறைகளில் கூடிவந்த உடம்பு, நூறே வருடத்தில் ஏறிய சூட்டுக்கு எப்படி ஈடுகொடுக்கும்? இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் புரியும்.

திருத்தம் வெளியிடுவதானால் சிறுவர் பக்கத்திலேயே வெளியிடுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் போட்டால் பிள்ளைகள் கண்ணில் படாது. தண்ணீரை உண்மையாகவே சேமிக்கும் பிராணியைக் காட்ட வேண்டுமென்றால், அமெரிக்கப் பாலைவன ஆமையைப் பற்றி எழுதலாம். அது சிறுநீர்ப்பையில் நீரை வைத்துக்கொண்டு மழையில்லா மாதங்களைக் கடத்துகிறது. யாராவது ஆசையாகத் தூக்கினால் பயத்தில் அத்தனையையும் கொட்டிவிடும். மறு மழைக்குள் செத்தும் போகலாம். அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை